எண்பது டாலர்

சமையலறை மேசையில் நெவாடாவையும் யூட்டாவையும் விரித்து
மூலைக்கொன்றாக உப்புக் குப்பி, மாத்திரை டப்பா,
அப்பாவின் காதுக் கருவி, நேற்றைய ரொட்டி
எடுத்து வைத்திருக்கிறேன்.
அப்படியும் வரைபடம் சுருண்டுகொள்ளப் பார்க்கிறது.
எனக்கும் அந்த எண்ணம் இல்லாமல் இல்லை.

மே என்றால் மேலே பனி, பாதை மூடியிருக்கும்.
ஜூலை என்றால் கீழே வெயில், டெனீஸ் பெரியம்மா மயங்கிவிடுவாள்.
செப்டம்பரில் கிராசியான் மாமாவுக்குக் கண் அறுவை.
பாலைவனம் எங்களுக்கு ஒதுக்கியது
அக்டோபரில் ஒன்பது நாள்.

வெல்ஸ் தாண்டினால் ஈலி வரை நூற்று முப்பத்தெட்டு மைல்.
கழிப்பறைகளை வட்டமிட நீலப் பேனா வாங்கினேன்.
அதற்கு வேலையே இல்லை.

அடுத்து, யார் எங்கே?
அப்பாவுக்கு இடது காது கேட்காது,
எனக்குப் பின்னால் அவர்.
பெரியம்மாவுக்குப் பின்னிருக்கை குமட்டும்,
என் பக்கத்தில் அவள்.
மாமாவின் பிராணவாயுப் பெட்டிக்கு
மின்சாரம் முன்னால்தான் கிடைக்கும். ஒயர் நாலடி.
பெரியம்மாவின் முழங்கையை உரசிக்கொண்டுதான்
மாமாவின் மூச்சு போய்வர வேண்டும்.

ஆட்டுக் கிடையையும் மேய்ச்சல் நிலத்தையும் விற்ற வருடத்திலிருந்து
அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை.
எல்கோவில் இரண்டு தெரு தள்ளி வீடு.
"உன் மாமனிடம் சொல்" என்பாள் அவள்.
"காதில் விழுந்தது என்று சொல்" என்பார் அவர்.

மாமா கேட்டது ஒன்றே ஒன்று.
கிரேட் பேசினில், மலை மேல்,
சில ஆயிரம் வருடமாய் நிற்கும் பைன் மரங்கள்.
"என்னைவிட மூத்தவர்கள் யாரையாவது பார்க்கணும்.
இந்த ஊரில் இனி ஆளில்லை."
அவை நிற்பது பத்தாயிரம் அடியில்.
மருத்துவர் ஏழாயிரத்தில் கோடு போட்டுவிட்டார்.
நானும் வரைபடத்தில் அதே கோட்டைப் போட்டேன்,
சிவப்பில், கொஞ்சம் கோணலாக,
அவர் கேட்டால் எட்டாயிரம் என்று சொல்லத் தோதாக.

பிறகு நுழைவுச் சீட்டு.
முதியவர்களுக்கு வருடச் சீட்டு இருபது டாலர்,
ஆயுள் சீட்டு எண்பது.
ஒருவர் பெயரில் இருந்தால் போதும்,
வண்டியோடு எல்லோரும் உள்ளே போகலாம்.
மாமா ஆசைப்பட்ட பூங்காவுக்குக் கட்டணமே கிடையாது,
மற்ற இரண்டுக்கும்தான் இது.
"எண்பத்தாறு வயதில் ஆயுள் சீட்டா?" பெரியம்மா சிரித்தாள்.
"எனக்கு எண்பத்து மூன்று.
என் பெயரில் வாங்கச் சொல், காசு வீணாகாது."
நான் சொன்னேன். சொல்லாமலே அவருக்குக் கேட்டிருந்தது.
செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் வகுத்தார்:
நாலு வருடம் ஓடினால் கணக்கு நேர்.
அதைப் பார்த்தபடியே இருந்துவிட்டு
பாஸ்க் மொழியில் ஏதோ சொன்னார்.
எனக்குத் தெரிந்த பத்து வார்த்தைகளில் அது இல்லை.
"வருடச் சீட்டே போதும்" என்றார்.

புதன்கிழமை என் தபால்பெட்டியில்,
முத்திரை ஒட்டாத உறை. நாலு இருபது டாலர் நோட்டு.
மின்கட்டண ரசீதின் பின்புறம் பெரியம்மாவின் கையெழுத்து:
அவன் பெயரில் வாங்கு. பெரியதையே.
நான் தந்ததாகச் சொல்லிவிடாதே.

அன்று மாலையே சொல்லிவிட்டேன்.
மாமா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு
ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:
"அவளுக்கு எப்போதுமே கணக்கு வராது."
பிறகு, கொஞ்சம் பொறுத்து,
"அந்த மரம் வரைக்கும் காரே போகுமா,
இறங்கி நடக்கணுமா?"
நடக்கணும் மாமா.
"சரி. வண்டியிலேயே இருந்து
கீழே நின்று நிமிர்ந்து பார்க்கிறேன்."

சனிக்கிழமை கடைக்குப் போனேன்.
தண்ணீர்க் கேன் ஆறு, குடை இரண்டு,
மடக்கு நாற்காலி, குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய்.
கார் சாமான் வரிசையில், கண்ணுக்கு நேரே,
அதே பெட்டிக்குப் பத்தடி ஒயர்.
கதவோரமாகச் சுற்றிக் கொண்டுபோகலாம்,
யாரையும் தொடாது. விலையும் அதிகமில்லை.
கையில் எடுத்தேன்.
பின்னால் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு
வழி கேட்டார்.
ஒயரைக் கொக்கியில் மாட்டிவிட்டு
நகர்ந்துகொண்டேன்.